மூன்றாவது காயில்

எனக்கு ஓட்டு இல்லை.
சங்கத்தில் சம்பளம் வாங்குகிறவன்
உறுப்பினராகக் கூடாதென்று விதி இருக்கிறதாம்.
அதனால்தான் மைக்குப்பியை என்னிடம் கொடுத்தார்
சேரன்மாதேவியிலிருந்து வந்த தேர்தல் அலுவலர்.
முந்தின ராத்திரி முழுக்க மோட்டார் ஓட்டிவிட்டுக்
கண்ணெரிய உட்கார்ந்திருந்தேன்,
உரமூட்டை வாடை போகாத அந்த அறையில்.

இருபத்தோரு வருசமாகப் போட்டியே கிடையாது.
அறிவிப்பை ஒட்டுவார்கள்,
ஆடு தின்னும்,
நீரேற்றுச் சங்கத்துக்கு
வண்டிமலையான் மறுபடி தலைவராவார்.
இந்தத் தடவை செண்பகவல்லி
நூறு ரூபாய் கட்டி மனுக் கொடுத்துவிட்டாள்.
அவளுக்குப் பூட்டு. அவருக்குக் குடை.

விரல்கள் வந்தன.
எனக்கு முகத்தைவிட முறைதான் பழக்கம்.
இது செவ்வாய் ராத்திரி இரண்டு மணித் தண்ணீர்.
இது மடையை அடைக்காமல் போய்த் தூங்கிவிடுகிற புதன்.
இது மரியசவரி, தண்ணீரைவிடப்
பேச்சை அதிகம் பாய்ச்சுகிறவர்.
செத்துப்போன எட்டுப் பேர் பட்டியலில் இருந்தார்கள்.
அதில் ஒருவர் ஓட்டுப் போட வந்தார்,
மகன் உருவத்தில்.
"வே, உம்ம அப்பாவுக்கு நாந்தான வே மாலை வாங்கியாந்தேன்"
என்றேன்.
சிரித்துக்கொண்டே திரும்பிப் போனான்.

செண்பகவல்லி வீடுவீடாகக் கேட்டது
ஒரே கேள்வி:
போன வருசம் நம்ம மோட்டாருக்கு
எத்தனை தடவை காயில் எரிந்தது?

ரசீது மூன்று இருக்கிறது.
எரிந்தது இரண்டு தடவை.
தெரிந்தவர்கள்
தலைவர்,
காயில் கட்டிய பாளையங்கோட்டைக்காரர்,
மூன்றாவது ரசீதில் 'சரக்குப் பெற்றுக்கொண்டேன்' என்று
கையெழுத்துப் போட்ட நான்.
எனக்கு வந்தது ஆயிரத்தைந்நூறு.
என் மகளின் கண்ணாடிக்குப் போனது.
இப்போது பஸ் போர்டைத் தூரத்திலேயே படிக்கிறாள்,
முக்கூடல், முக்கூடல் என்று.

மூன்று மணிக்குச் செண்பகவல்லி வந்து விரல் நீட்டினாள்.
"நல்லா அழுத்தி வைங்கண்ணாச்சி, அழியாம."
வேறொன்றும் கேட்கவில்லை.
கேட்டுத் தொலைத்திருக்கலாம்.
குச்சி நழுவி
என் உள்ளங்கையெல்லாம் மை.

பெட்டியைக் கவிழ்த்தபோது கரண்ட் போனது.
நாலு செல்போன் வெளிச்சத்தில்
குடை, பூட்டு, பூட்டு, குடை,
செல்லாதது மூன்று.
ஒன்றில் இரண்டு சின்னத்திலும் முத்திரை.
ஒன்று வெறும் சீட்டு.
ஒன்றில் பேனாவால்
'வியாழக்கிழமை எனக்குத் தண்ணி வரல.'
யாரென்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

பூட்டுக்கு எழுபத்தொன்பது, குடைக்கு எழுபத்தெட்டு.
திரும்ப எண்ணச் சொன்னார் வண்டிமலையான்.
எண்ணினால்
பூட்டுக்கு எழுபத்தெட்டு, குடைக்கு எழுபத்தொன்பது.
இப்போது அவள் எழுந்து நின்றாள்.
டீ வரட்டும், மூன்றாவது தடவை எண்ணலாம் என்றார் அலுவலர்.
டீ வருவதற்குள் இரண்டு தரப்பும் சண்டை போட்டு
மணி பத்தேமுக்கால்.

பதினொன்றுக்கு மும்முனைக் கரண்ட் வந்துவிடும்.
நான் கிளம்பினேன். ஒருவரும் தடுக்கவில்லை.

ஆற்றங்கரை ஷெட்டில்
பம்புக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தேன்.
சிவப்பு எரிந்தது, மஞ்சள் எரிந்தது,
நீலம் கொஞ்சம் யோசித்துவிட்டு எரிந்தது.
முறை நோட்டைப் புரட்டினேன்:
சனி, பதினொன்று முதல் ஒன்று வரை, செண்பகவல்லி.
ஒன்றுக்கு மேல் வண்டிமலையானின் மைத்துனர்.

ஊருக்குள் வெடிச்சத்தம்.
எந்தத் தெரு என்று பிடிபடவில்லை,
மருத மரங்களுக்குள் புகுந்து
காற்று அதைக் கலைத்துவிட்டது.
சட்டைப்பையில் போன் அடித்தது.

பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.
இரண்டே தடவை எரிந்த மோட்டார்
முனகி, பிறகு நிதானத்துக்கு வந்தது.
ஆரம்பம் 11.04 என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
பக்கத்திலேயே கட்டைவிரல் மையும்
ஒட்டிக்கொண்டது.

தண்ணீர் அவள் வாழைக்குப் போய்ச் சேர
நாற்பது நிமிஷம் பிடிக்கும்.
அதுவரை போனை எடுக்கவில்லை.